என் மகளை அளந்து செய்த நாற்காலி

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த அந்த வருஷம், ஆனி மாதத்தில் ஒரு நாள், நானும் என் மகள் ராணியும் வாய்க்காலில் விழுந்தோம். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினேன். கால் வழுக்கிவிட்டது. முழங்கால் அளவு தண்ணீர்தான். ஆனாலும் குப்புற விழுந்தால் தானாகப் புரள முடியாத பிள்ளைக்கு அதுவே போதும். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் இழுத்துப் போட்டார்கள். பிழைத்தாள். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

சேசுநாதர் பெயரால் உங்கள் முன் பேசுகிற நான் சவேரியம்மாள், ராயப்பன்பட்டிக்காரி. என் வீட்டுக்காரர் மலையில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார். மாதம் ஒரு முறைதான் இறங்கி வருவார். ராணிக்கு நாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது அவள் கால் பலத்தையும் முதுகு பலத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டது. வாய்க்காலில் விழுந்தபோது அவளுக்கு எட்டு வயது. உட்கார வைத்தால் சரிவாள். படுத்தே கிடந்தால் சளி கட்டி மூச்சு இழுக்கும். மதுரையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, இவளைப் படுக்கவே விடாதே, இவள் உடம்பை அளந்து சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று செய், இல்லையென்றால் அடுத்த மழைக்காலம் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லியிருந்தார்.

அடுத்த மழைக்காலம். அந்த இரண்டு வார்த்தையும் என்னை விடவில்லை. உலை வைத்துவிட்டு அரிசி போட மறப்பேன். செபமாலையை எடுத்தால் எத்தனை மணி உருட்டினேன் என்று தெரியாது. வாசலுக்கும் பிள்ளை கிடக்கும் இடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

உத்தமபாளையத்தில் வண்டிச் சக்கரம் செய்கிற ஆசாரி ஒருவர் இருந்தார். போய்க் கேட்டேன். நாற்காலி செய்துவிடலாம், ஆனால் சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும் என்றார். இரும்புப் பட்டை அடித்தால் கல் தெருவில் ஒவ்வொரு குலுக்கலும் பிள்ளையின் முதுகில்தான் இறங்குமாம். சண்டைக் காலத்தில் ரப்பருக்கு எங்கே போவேன்? கம்பத்தில் கேட்டேன், தேனியில் கேட்டேன். கையை விரித்தார்கள்.

மாதாவுக்கு நவநாள், ஒன்பது நாள் செபம், தொடங்கினேன். ஐந்தாம் நாள் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. தோட்டத்து முதலாளி வீட்டில், காலமான பெரியவர் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியை ராணிக்கென்று அனுப்பியிருந்தார்கள். பின்னிய பிரம்பு, பித்தளைக் கைப்பிடி, ரப்பர் சக்கரம். தெருவே கூடிவிட்டது. மாதா உன் செபத்தைக் கேட்டுவிட்டாள் என்றார்கள். நானும் முழந்தாளில் விழுந்து அழுதேன்.

ராணியை அதில் உட்கார வைத்தேன். பெரிய ஆளுக்குச் செய்த அகலம். ஒரு மூலையில் போய்ச் சரிந்தாள். இரண்டு பக்கமும் தலையணை செருகினேன். முன்னால் வழுக்கினாள். துண்டால் கட்டினேன். துண்டு அக்குளுக்கு ஏறியது, தலை கவிழ்ந்து நாடி நெஞ்சில் முட்டியது, மூச்சில் விசில் சத்தம் கேட்டது. வளருகிற பிள்ளைதானே, போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். அப்படி நம்பத்தான் எனக்கும் ஆசை. மூன்று நாள் பார்த்தேன். இடுப்பெலும்புப் பக்கம் தோல் சிவந்து, தொட்டாலே அழுதாள்.

திருப்பிக் கொடுப்பதா? முதலாளி வீட்டில் கோபப்பட்டால் என் வீட்டுக்காரருக்கு மலையில் வேலை இருக்குமா? மாதா கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வது பாவமில்லையா? எட்டாம் நாள் கோயிலுக்கும் வீட்டுக்குமாக நாலு தரம் நடந்தேன். தாயே, நீ அனுப்பியது இதுதானா என்று மட்டும் கேட்டேன்.  வீட்டுக்கு வந்து தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன். அப்போது ராணி சொன்னாள்.

"அம்மா, இது அந்தத் தாத்தாவுக்குச் செஞ்சதும்மா. என்னைய அளந்து செய்யச் சொல்லும்மா."

டாக்டரைக் கேட்டேன், ஆசாரியைக் கேட்டேன், தெருவைக் கேட்டேன், மாதாவைக் கேட்டேன். உட்காரப் போகிறவளை நான் கேட்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் காலைப் பூசை முடிந்ததும், ராணியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வாய் செபம் சொல்லியது. கையில் இருப்பதையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பப் போகிறோம் என்பது தெரிந்தே போனேன். பெரியவரின் மருமகள், முதலாளியம்மா, வெளியே வந்தார். பிள்ளை சரிவதையும் தோல் சிவந்ததையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"அழுகாத சவேரி. எங்க மாமாவும் இதுல சறுக்கிச் சறுக்கித்தான் விழுந்தாக. முதுகெல்லாம் புண்ணு. பட்டணத்துச் சாமான்னு நாங்க வாயத் தொறக்கல. நீ சொல்லிட்ட."

பிரம்பை ஒரு முறை தடவினார். பிறகு வண்டிக்காரரைக் கூப்பிட்டார்.

"சக்கரத்தையெல்லாம் கழட்டி இவகிட்டக் குடுத்துரு. இந்த ரப்பரு இப்ப எங்கன போயித் தேடுனாலும் கிடைக்காது."

ரப்பரைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. 

ஆசாரி ராணியை ஈர மணலில் உட்கார வைத்து, அவள் முதுகும் இடுப்பும் பதிந்த தடத்தைப் பார்த்து அளவெடுத்தார். முதலில் செய்த சாய்மானம் நேராக இருந்ததால் முன்னால் கவிழ்ந்தாள். பிரித்து, பின்னால் சாய்த்துப் பூட்டினார். பக்கங்களுக்கு இலவம்பஞ்சு அடைத்தோம். சரியாமல் கட்டும் பட்டை நெஞ்சுக்கா இடுப்புக்கா என்று அவளையே கேட்டோம். இடுப்புக்கு என்றாள். மொச்சை உரிக்க முன்னால் ஒரு பலகையும் வேண்டும் என்றாள். அதையும் வைத்தார். கடைசியாக உட்கார வைத்தபோது தலை நிமிர்ந்து நின்றது. அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். விசில் சத்தம் இல்லை.

அந்த மழைக்காலத்தில் இரண்டு முறை சளி பிடித்தது. இரண்டு முறையும் மீண்டாள். இப்போது மூன்று மழைக்காலம் தாண்டிவிட்டது. போன வருஷம் அந்த நாற்காலியில் இருந்தபடியே கோயிலில் புதுநன்மை, முதல் நற்கருணை, வாங்கினாள். அவள் எழுந்து நடக்கவில்லை. இன்னும் மேகம் கறுத்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் முன்பு நான் சர்வேசுரனிடம் பேசிக்கொண்டே இருந்தேன். இப்போது காது கொடுத்துக் கேட்கவும் செய்கிறேன். அவர் யார் வாயிலிருந்து பேசுவார் என்று தெரியாதே.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், நம்பிக்கையை விடாமல் செபியுங்கள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஞாயிறு பூசைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஆசாரியிடம் நானே கூட்டிப் போகிறேன். அதற்கு முன்னால் ராணி உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து ஒன்று கேட்பாள்: "ஒனக்கு எங்கன வலிக்குது?"