நுரையீரல் மேல் ஏழு குமிழி

முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத கோயம்புத்தூர்க்காரி நான். என் தலையெழுத்து, ஆறு மாசமா மாட்டு நுரையீரலை வீடியோ வீடியோவா பார்த்துக்கிட்டிருந்தேன்.

யூதர்கள் சாப்பிடுற கோஷர் கறிக்கு மாட்டோட நுரையீரல்ல ஓட்டை இருக்கக் கூடாது. சந்தேகம் வந்தா காத்து ஊதி, தண்ணிக்குள்ள அமுக்குவாங்க. குமிழி வந்தா ஓட்டை. நம்ம ஊர் பஞ்சர் கடையேதான்! அந்தக் குமிழியைக் கண்டுபிடிக்கிற கேமராவுக்கு சாஃப்ட்வேர் எழுதினது நான், நியூஜெர்சி பிரிட்ஜ்வாட்டர் வீட்டு பேஸ்மென்ட்ல உட்கார்ந்துகிட்டு. டெமோ ஊத்திக்கிட்டா ப்ராஜெக்ட் க்ளோஸ், என்னை டெக்சஸ்ல இருக்கிற ரிச்சர்ட்சன் ஆபீசுக்கு மாத்திடுவாங்க. மகளுக்கு இப்பதான் புது ஸ்கூல்ல ஒரு ஃப்ரெண்ட் கிடைச்சிருந்தா. "ஐயம் நாட் கோயிங்"னு ரூம் கதவைச் சாத்திக்கிட்டா.

டெமோ அன்னிக்குத்தான் முதல் தடவையா ஸ்லாட்டர் ஹவுசுக்குள்ள கால் வெச்சேன். தாடி வெச்ச கோஷர் இன்ஸ்பெக்டர், வேத்துப் பெண்களுக்குக் கை குடுக்கிற வழக்கம் இல்லாதவர். நான் கும்பிட்டேன். அப்பாடான்னு சிரிச்சார் மனுஷன்.

கேமராவை ஆன் பண்ணேன். முதல் நுரையீரல், ஓட்டை. ரெண்டாவது, ஓட்டை. டெமோவுக்கு வெச்சிருந்த ஏழும் ஓட்டை! எங்க மேனேஜர் பார்த்த பார்வையிலேயே நான் டெக்சஸ் போய்ச் சேர்ந்துட்டேன்.

இன்ஸ்பெக்டர் குனிஞ்சு பார்த்தார். "தொட்டியில தண்ணி யார் ரொப்பினது?"

"நான்தான். இப்பதான் குழாயில புடிச்சேன்." சுத்தமா இருக்கட்டுமேன்னு செஞ்ச அதிகப்பிரசங்கித்தனம்.

"புதுத் தண்ணியில இருக்கிற காத்து மேல வந்து ஒட்டிக்கும். துடைச்சுப் பாருங்க. திரும்ப வந்தாத்தான் ஓட்டை."

"நீங்களே துடைங்களேன்."

"கேமரா உங்களோடது இல்லையா?"

பாவி மனுஷன்! பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கையை விட்டேன். வெதுவெதுன்னு, கொழகொழன்னு... துடைச்சேன். எல்லாரும் தண்ணியையே பார்த்தோம். குமிழி வரலை. அடுத்ததுலயும் வரலை. அஞ்சாவதுல மட்டும் துடைக்கத் துடைக்க வந்துக்கிட்டே இருந்துச்சு.

"அதுதான் ஓட்டை"ன்னார்.

அங்கேயே நின்னு ப்ரோக்ராமை மாத்தினேன். இனிமே குமிழி தெரிஞ்சா கேமரா தீர்ப்பு சொல்லாது. "துடைங்க"ன்னு கேக்கும், காத்திருந்து மறுபடி பார்க்கும். முடிவு இன்ஸ்பெக்டரோடது. அவர் மேனேஜரைப் பார்த்து, சரின்னு தலையாட்டினார்.

வீட்டு வாசல்லயே மகள் நின்னா. "ஆர் வி மூவிங்?"

"இல்லடி."

ஓடி வந்தா. நாலு தடவை சோப்பு போட்டும் மனசு ஒப்பாத வலது கையை அந்தரத்துல தூக்கிக்கிட்டு, "கிட்ட வராத, நான் இன்னும் குளிக்கலை!"ன்னு கத்தினேன். யார் கேட்டா? இறுக்கிக் கட்டிக்கிட்டா. அந்தக் கையும் தானா இறங்கி அவ முதுகைத் தடவிச்சு.