பெங்களூரு முதலாளியம்மா

1. ஜீப்பு

வீட்டில் சம்பாதிக்கிறவர் ஜெயிலுக்குப் போய்விட்டால், அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு மாதாமாதம் அரசு உதவித்தொகை உண்டு. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். "தப்புப் பண்ணவனுக்கா காசு குடுக்கறீங்க?" என்று என் சொந்தக் கொழுந்தனாரே கேட்டிருக்கிறார். தப்புப் பண்ணியவனுக்கு அல்ல, அவன் பிள்ளைக்கு என்று பொறுமையாகச் சொல்வேன். இரண்டாம் தரம் கேட்டால் பொறுமையாகச் சொல்ல மாட்டேன்.

என் பெயர் ஸ்டெல்லா. தர்மபுரியில் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசில் களப்பணியாளராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், "ஃபீல்டு விசிட்டுக்கு எப்படிப் போறதுன்னு எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டார்கள். எப்படிப் போகக் கூடாது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஜீப்பில் போகக் கூடாது. இந்த வேலையில் என் முதல் நாளன்று நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டுக்கு அரசு ஜீப்பில் போய் இறங்கினேன். உதவி கேட்டு மனுப் போட்டிருந்த அந்தம்மா, ஜீப்பைப் பார்த்ததும் மறுபடியும் போலீஸ் வந்துவிட்டது என்று நினைத்துப் பின்பக்கமாக ஓடி மரவள்ளித் தோட்டத்துக்குள் மறைந்துகொண்டார். "அவ இங்க இல்லைங்க, எங்களுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லைங்க" என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். நான் தோட்டத்தோரம் நின்று, "அம்மா, பணம் குடுக்கத்தான் வந்திருக்கேன், வெளிய வாங்க!" என்று கத்தினேன். ஊரே வந்துவிட்டது. அந்தம்மா மட்டும் வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு மினி பஸ்தான்.

2. கம்பெனி வண்டி

இது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது.

மனு சேலம் ஜெயிலிலிருந்து வந்திருந்தது. எழுதியவர் மாதேசன், பாப்பாரப்பட்டிக்கு உள்ளே ஒரு ஊர்க்காரர், வேன் டிரைவர். தக்காளிக் கூடைகளுக்கு அடியில் ரேஷன் அரிசி மூட்டைகளை அடுக்கிக் கர்நாடகா பக்கம் ஓட்டிப் போனபோது செக்போஸ்ட்டில் பிடித்துவிட்டார்கள். வண்டியும் அவருடையதில்லை, அரிசியும் அவருடையதில்லை. ஆனால் முன்பும் ஒரு தடவை இப்படியே மாட்டியிருந்ததால் சுலபத்தில் வெளியே விடவில்லை. மகள் நித்யா பிளஸ் ஒன் படிக்கிறாள், படிப்பை நிறுத்தி மில் வேலைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று தூக்கம் வரவில்லை, ஏதாவது செய்யுங்கள் என்று எழுதியிருந்தார்.

மனைவி சுமதிக்குப் போன் போட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. ரகசியம் பேசுவது போலத்தான் பேசினார்.

"மேடம், அவரு பெங்களூருல கம்பெனி வண்டி ஓட்டறாருன்னுதான் ஊர்ல சொல்லி வெச்சிருக்கறேனுங்க. லீவு கெடைக்கலன்னு ஆறேழு மாசமா அதையேதான் சொல்லிட்டு இருக்கறேன். நீங்க ஆபீசுன்னு வந்து எறங்குனா, நான் தெருவுல தல நிமிந்து நடக்க முடியாதுங்க."

"வூட்டுக்கு வந்து பாக்கணும்மா. அக்கம்பக்கத்துலயும் நாலு பேரைக் கேக்கணும். அது விதி."

"அக்கம்பக்கத்துல கேக்கறதா இருந்தா அந்தப் பணமே வேணாங்க மேடம். நித்யாவ மில்லுக்கே அனுப்பிக்கறேன். ஏஜெண்டு வந்து பேசிட்டும் போயிட்டாரு."

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை படிப்பைவிட ஊர் வாய் பெரிதா என்று கேட்க வாயெடுத்தேன். அப்புறம், தெருக்குழாயில் தினமும் போய் வரிசையில் நிற்க வேண்டியவள் அவள்தானே, நானில்லையே என்று அடக்கிக்கொண்டேன்.

எங்கள் ஆபீசரிடம் போய், இந்த ஒரு கேஸில் அக்கம்பக்க விசாரணையை விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"அக்கம்பக்கம் கேக்காம ரிப்போர்ட் போனா கமிட்டி அப்படியே திருப்பி அனுப்பிடும் மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

"முதல்ல வீட்டைப் பாத்துட்டு வந்துடறேன் சார். அப்புறம் நாம சண்டை போட்டுக்கலாம்" என்றேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் சுமதியே கூப்பிட்டார். "மேடம், உங்களை ஆருன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல. அவரோட கம்பெனி முதலாளியம்மா பெங்களூருல இருந்து எங்களைப் பாக்க வர்றாங்கன்னு சொல்லிட்டேனுங்க. கோச்சுக்காதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் யார் என்று ஊரில் ஒருவரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சரி, வாழ்க்கையில் ஒரு நாளாவது முதலாளியாக இருந்து பார்ப்போம் என்று ஈஸ்டருக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். முதலாளியம்மா மினி பஸ்ஸில் வருவாரா என்று சுமதியும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர், எந்த ஊர் என்று கேட்டார். பெங்களூரு என்றேன். அவர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர் போலிருக்கிறது, முகமெல்லாம் மலர்ந்து, "சென்னாகிதீரா அம்மா?" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே கன்னடத்தை எடுத்து விட்டேன். "கொத்தில்லா" என்றேன். நல்லா இருக்கிறீர்களா என்று கேட்டவரிடம், தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

3. பாக்கியத்தின் டம்ளர்

ஒற்றை அறை வீடு. சுமதி அதை முதலாளியம்மாவுக்கு ஏற்றபடி தயார் செய்திருந்தார். நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டீப்பாய், தட்டில் வாழைப்பழமும் மிக்சரும், பளபளவென்று ஒரு எவர்சில்வர் டம்ளரில் காபி. எல்லாம் இரவல் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. நித்யாவைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தி, பட்டுப் பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து உட்கார வைத்திருந்தார். பிள்ளையிடம் பேச வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பூவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

"மில்லுக்குப் போவ உனக்கு இஷ்டமாம்மா?" என்று நித்யாவிடம் கேட்டேன்.

அவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். "போவ பயமில்லீங்க மேடம். ஆனா அப்பா திரும்பி வந்து நித்யா எங்கன்னு கேட்டா, எங்கம்மா என்ன சொல்லும்? என்னையும் பெங்களூருல இருக்கறான்னு சொல்லுமா?"

சுமதி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். டம்ளரில் மிச்சமிருந்த காபியை எடுத்து இன்னொரு வாய் குடித்தேன். அப்போது போன் அடித்தது. எங்கள் ஆபீசர்.

"ஸ்டெல்லா மேடம், பாப்பாரப்பட்டி பக்கந்தானே இருக்கீங்க? அவசரம். ஹெல்ப்லைன்ல ஒரு கம்ப்ளெயிண்ட். பதினாறு வயசுப் பொண்ணை, ஸ்கூலுக்கும் அனுப்பாம, பொண்ணு பாக்க உக்கார வெச்சிருக்காங்களாம்."

"எந்த ஊரு சார்?"

ஊர்ப் பெயரைச் சொன்னார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "இந்த ஊர்லயா? நான் இங்க இருக்கறப்பவேவா? வீட்டு அடையாளத்தைச் சொல்லுங்க சார், இப்பவே போய் ஒரு வழி பண்ணிடறேன்."

"மாப்பிள்ளையோட அம்மா மட்டும் வந்திருக்காங்களாம். கொஞ்சம் குண்டா, கண்ணாடி போட்டு, பச்சைச் சேலை..."

நான் குனிந்து என் சேலையைப் பார்த்தேன். மெதுவாக உட்கார்ந்தேன்.

"கேக்குதா மேடம்? போன் பண்ணவங்க பேரு சொல்லல. ஆனா ஒரே ஆவேசம். 'எங்க வூட்டு டம்ளருலயே காப்பி குடிக்குது சார் அந்தம்மா'ங்கறாங்க."

டம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே 'பாக்கியம்' என்று பெயர் வெட்டியிருந்தது.

"சார், அந்தக் கல்யாணம் நின்னு போச்சு."

"அதுக்குள்ளயா? எப்படி மேடம்?"

"மாப்பிள்ளையோட அம்மா நல்லவங்க சார். சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சுமதியிடம் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசிப்பதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் இன்னும் மூன்று பெண்கள். எதிர் வீட்டுப் பாக்கியம் இவர்தான் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆபீஸ் ஆட்கள் வரக் காணோம் என்று அவரே நேரில் இறங்கிவிட்டார்.

"ஏம்மா, எந்தூரு நீங்க? பெங்களூருமில்ல, கிங்களூருமில்ல. படிக்கற புள்ளயப் பொண்ணு பாக்க வந்திருக்கறீங்களே, வெக்கமா இல்ல? மொதல்ல அந்த டம்ளரக் கீழ வைங்க."

வைத்தேன். எத்தனையோ மாப்பிள்ளை அம்மாக்களிடம் இதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். என்னிடம் ஒருவர் கேட்பது அதுதான் முதல் தடவை. நான் கேட்பதைவிட நன்றாகவே கேட்டார். நான் யார் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் சொல்ல மாட்டேன் என்று சுமதிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சுமதி குறுக்கே வந்தார். "அய்யோ அக்கா, பொண்ணு பாக்க எல்லாம் இல்லக்கா. அவங்க நெசமாவே இவரோட முதலாளியம்மா..."

"எந்த முதலாளியம்மாடி? சேலம் ஜெயிலுக்கு முதலாளியம்மா இருக்கறாங்களா?"

சொன்ன பிறகுதான் பாக்கியத்துக்கு என்ன சொன்னோம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பின்னால் நின்றவர்களில் ஒருவர், "அக்கோவ்..." என்று அவர் முழங்கையைப் பிடித்தார். சுமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நித்யா ஓடிப்போய் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப இருந்துக்கா தெரியும்?" என்றார் சுமதி, தலையை நிமிர்த்தாமல்.

"பிடிச்ச மறுநாளே பேப்பர்ல வந்துருச்சு கண்ணு. டீக்கடையில எல்லாரும் படிச்சாங்க."

"அப்ப தெனமும் கொழாயடியில பெங்களூருல மழையா, வெயிலான்னு கேட்டீங்களே?"

"நீ பெங்களூருன்னு சொல்லற. நான் வேற என்னத்தக் கேக்கறது? ஜெயில்ல மழையான்னா கேக்க முடியும்?"

யார் முதலில் சிரித்தது என்று எனக்கு நினைவில்லை. நித்யாவாகத்தான் இருக்க வேண்டும். சுமதி அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே பாக்கியத்தின் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். அரசாங்க வேலையில் அழக் கூடாது என்று எந்த ஆர்டரிலும் போடவில்லை.

பிறகு சுமதி எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் வாக்கிலிருந்து என்னை விடுவித்தார்.

"அக்கா, இவங்க கவர்மெண்ட்டு ஆபீசுல இருந்து வந்திருக்கறாங்க. அவரு வர்ற வரைக்கும் நித்யா படிப்புக்கு மாசாமாசம் பணம் வருமாம். ஆனா அக்கம்பக்கத்துல கேக்கணுமாம்."

"இதுக்குத்தானா? அதுக்கென்ன, கேக்கச் சொல்லு" என்று பாக்கியம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவும் அவருடைய நாற்காலிதான். "மொதல்ல நானு. எழுதிக்கங்க மேடம்."

அன்று அவர்கள் சொன்னது போல விவரமான சாட்சியம் என் சர்வீஸில் வேறெங்கும் கிடைத்ததில்லை. சுமதி எந்தெந்த நாளில் காட்டு வேலைக்குப் போனார், எந்த நாளில் வேலை கிடைக்காமல் திரும்பினார், நித்யாவுக்கு எந்தப் பாடத்தில் மார்க் குறைந்தது, எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் சொல்ல, இன்னொருவர் திருத்த, எனக்கு இரண்டு பஸ் போய்விட்டது.

கடைசியில் பாக்கியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், கலியாணத்த நிறுத்தச் சொல்லி உங்களாட்டமே ஒரு ஆபீசுக்குப் போன் பண்ணுனேன். இன்னும் ஒருத்தரையும் காணோம். கவர்மெண்ட்டு ஆளுங்க எப்பவுமே இப்படித்தானா?"

"வந்துட்டாங்கம்மா" என்றேன். "உங்க டம்ளருல காப்பிகூடக் குடிச்சுட்டாங்க."

4. மழையா, வெயிலா

கமிட்டி ஒரு கேள்வியும் கேட்காமல் உதவித்தொகையை அனுமதித்தது. மில் ஏஜெண்டு மறுபடி வந்தபோது பாக்கியமே அவரை வழியனுப்பி வைத்தாராம். எப்படி வழியனுப்பினார் என்று நான் விசாரிக்கவில்லை. நித்யா பிளஸ் டூ முடித்துத் தர்மபுரியில் காலேஜில் சேர்ந்தாள்.

இனி ஃபீல்டுக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பஸ்ஸில் போங்கள், யாரும் கேட்காத பொய்யைச் சொல்லாதீர்கள், நல்ல சேலையைக் கட்டாதீர்கள். அக்கம்பக்கத்தை விசாரிக்க நாம் போகிறோம் என்று நினைக்கிறோம். நாம் போய் இறங்குவதற்கு முன்பே அவர்கள் நம்மை விசாரித்து முடித்திருப்பார்கள். அதில் குறையாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. நம் திட்டம் மாதத்துக்கு ஒரு தடவை வரும். அவர்கள் எதிர் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

மாதேசன் வெளியே வந்துவிட்டார் என்று தெரிந்ததும், வீட்டு நிலவரத்தைப் பார்த்து எழுத நான் மறுபடி அந்த ஊருக்குப் போனேன். இந்த முறை என்னை முதலாளியம்மா என்று கூப்பிட்டார்கள், கிண்டலாக. பஸ் நின்ற இடத்தில் டீக்கடை. அங்கே மாதேசன் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகலாமா, வேண்டாமா என்று அவர் காலுக்கே தெரியவில்லை. டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஊரின் முதல் பேப்பர் அவர் கடைக்குத்தான் வரும்.

"வாப்பா மாதேசா. பெங்களூருல இருந்து எப்ப வந்த? அங்க மழையா, வெயிலா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மாதேசன் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எல்லாம் இருந்துச்சுங்கண்ணா" என்றார். "இனிமே அங்க போறதா இல்ல. நம்மூருலயே இருந்துக்கறேன்."

"அதான் நல்லது" என்று சொல்லி டீக்கடைக்காரர் அவருக்கு ஒரு டீ போட்டார்.