ஒரே மூச்சில் சொன்ன கதை

சாமிதாஸ் சார் தவறிவிட்டார் என்று பள்ளிப் பியூன் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பு வாசலில் நின்று சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. ‘அப்பாடா’ என்றுதான் இருந்தது. மேற்குத் தாம்பரத்துச் சனிக்கிழமை வாசகர் கூட்டத்துக்கு வந்த உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நீங்கள் யாரும் எழுதமாட்டீர்கள் என்பதால் நான் எழுதுகிறேன்.

கூட்டத்தின் சட்டம் மறந்திருக்காது. சர்ச் ஹாலில் ஒருவர் கதையை வாசிப்பார். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அதை ஒரே மூச்சில் சுருக்கிச் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் சார் மேசை மணியை அடித்து உட்கார வைத்துவிடுவார். திட்டுப் பூசை அதற்குப் பிறகுதான். “கதையைச் சொல்லுன்னா உன் கதையைச் சொல்றியே” என்பார். சொன்னவர் எதைப் பிடித்துக்கொண்டார், எதை விட்டார் என்று பார்த்து, வீட்டுச் சமாச்சாரத்தை அங்கேயே இழுத்து வெளியில் போடுவார்.

மகன் வீட்டுக்கு வந்த தாய் மனம் நொந்து ஊருக்கு ரயிலேறும் கதையை ஒருமுறை வாசித்தோம். ரயில்வே நடேசன் எழுந்து, “கெழவி ஸ்டேஷன்ல குந்திக்கினு கீது, வண்டி லேட்டு, அவ்ளோதான் சார்” என்றார். “ரயில்வேக்காரனுக்கு உலகமே லேட்டுதான்” என்றார் சார். அடுத்து மேபெல் டீச்சர், “ஒரு மாமியார் வந்து மருமகளைப் படுத்திட்டு ஒருவழியா ஊர் போய்ச் சேர்ந்தாங்க” என்றாள். அந்தக் கதையில் மருமகள் ஒரே ஓர் இடத்தில் காபி கொண்டு வருவாள், அவ்வளவுதான். சார் கண்ணாடியைக் கழற்றினார். “உங்க மாமியார் எப்ப ஊருக்குப் போறாங்க, மேபெல்?”

அவளுடைய மாமியார் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். ஹாலே சிரித்தது, நானும் சிரித்தேன். மேபெல் பிறகு வரவேயில்லை.

சார் சொன்னது தப்பாகிப் போனதாக ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனால்தான் திட்டு வாங்கவும் வாராவாரம் போனோம். எமிலி அக்கா, சாரின் மனைவி, எல்லோருக்கும் டீ கொடுப்பார். அவரை எழுந்து ஒரு கதை சொல்லச் சொல்லி சார் கேட்டதே இல்லை.

பிறகு என் முறை வந்தது. பம்பாயில் வேலை பார்த்த என் கணவர் லீவில் வந்திருந்தார். நானே எழுதிய கதையை வாசிக்கப் போகிறேன் என்றதும், இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். வெளியூரிலிருக்கும் கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். கடைசியில் அவன் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறந்து, அவனைப் பார்த்து அழுகிறாள். அதுதான் கதை. பொறுமை, பாசம் என்று எல்லோரும் நன்றாகவே சொன்னார்கள்.

சார் எழுந்து மூச்சை இழுத்தார். “ஒருத்தி, புருஷன் வந்துடக் கூடாதேன்னு காத்துக்கிட்டிருக்கா, வந்துட்டானேன்னு அழறா.”

யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. “சார் சொன்னது நெஜமா?” என்று கேட்டார். இல்லைங்க, இல்லைங்க என்று எத்தனையோ முறை சொன்னேன். “அவர் சொன்னா தப்பாது, ஆளையே படிச்சிடுவாருன்னு லெட்டருக்கு லெட்டர் நீதானே எழுதுவ?” என்றார். லீவு முடியும் முன்பே கிளம்பிவிட்டார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அதற்கடுத்த கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், சார் சொன்னதை நானும் நம்ப ஆரம்பித்தேன். எனக்கே தெரியாமல் என் மனதில் அதுதான் இருந்ததோ என்று பயந்து, அந்தக் கதையைத் திரும்ப எடுத்துப் படிக்கவே இல்லை.

அடக்க ஆராதனையில் போதகர் வாசித்த வாழ்க்கைக் குறிப்பை நீங்களும் கேட்டீர்கள். சாரே எழுதி வைத்துவிட்டுப் போனது அது. படித்த காலேஜ், வேலை பார்த்த பள்ளி, நம் சனிக்கிழமைக் கூட்டம் எல்லாம் இருந்தன. எமிலி அக்காவின் பெயர் இல்லை. எதை விட்டார் பார் என்று பெஞ்சுக்குப் பெஞ்சு நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கல்லறையிலிருந்து திரும்பி அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். “என்னை ஒரு நாள்கூடச் சொல்ல விடலையே ரூத், இப்ப சொல்லட்டுமா?” என்று கேட்டு மூச்சை இழுத்தார். “ஒருத்தி, புருஷன் எப்பப் போவான்னு காத்துக்கிட்டிருந்தா, போயிட்டான், அழுகை வரல.”

 அக்கா மேலும் சொன்னார்: “அவர் வெளியூர் போனா எனக்கு நிம்மதி. திரும்பி வந்து கதவைத் தட்டினா, திறக்கும்போதே கண்ணுல தண்ணி வந்துடும். அவருக்கு அது தெரியும். அன்னிக்கு உன் கதைன்னு அவர் சொன்னது எங்க வீட்டுக் கதைம்மா.”

சார் எனக்கு விட்டுப்போனது அவருடைய சட்டம் ஒன்றுதான்: கதையைச் சொல்கிறவர் தன் கதையைத்தான் சொல்கிறார். அது அவருக்கும் பொருந்தும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து என் கதையை எடுத்துப் படித்தேன். ஒருத்தி, கணவன் வர வேண்டுமென்று காத்திருக்கிறாள், வந்துவிட்டானே என்ற சந்தோஷத்தில் அழுகிறாள். ஒரே மூச்சில் சொல்ல வருகிறது, சார். கேட்க வேண்டியவர் பம்பாயில் இருக்கிறார்.