எழுத்தறையும் கூடத்துப் பாயும்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பது ஆகிய மாடிகளில் மட்டுமே நின்றது. ஜோசபின் குடும்பத்தினர் ஏழாம் மாடியில் வசித்தனர். ஆகவே அவர்கள் ஐந்தில் இறங்கி ஏறுவார்கள். கையில் சுமை இருந்தால் ஒன்பதில் இறங்கிக் கீழே வருவார்கள். இந்தத் தொல்லையையே பெயராக்கி, ‘மின்தூக்கி நிற்காத மாடி’ என்னும் வானொலித் தொடர் நாடகத்தை ஜோசபின் எழுதிவந்தார். 1982ஆம் ஆண்டில் வெள்ளிக்கிழமை மாலை எங்கள் தாழ்வாரத்தில் நடந்தவர், ஒரு வீட்டில் கேட்ட வசனத்தின் மறுபாதியை அடுத்த வீட்டில் கேட்டிருக்கலாம்.

ஜோசபினுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பகலில் ஒரு கப்பல் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பாளராக வேலை பார்த்தார். கணவர் லாசரஸ் துறைமுகத்தில் முறைமாற்றி வேலை செய்தவர். மகள் ஸ்டெல்லா தொடக்கப்பள்ளி மாணவி. லாசரஸின் தங்கை அந்தோனியம்மாளும் அவர்களோடு இருந்தார். பெற்றோர் இறந்தபின் அண்ணன் வீட்டுக்கு வந்த அவர், அருகிலிருந்த மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு எட்டு ஆண்டுகளாக அங்கேயே தங்கியிருந்தார்.

மூவறை வீடு என்பது பெயர்தான், படுக்கையறைகள் இரண்டே. பெரியதில் கணவனும் மனைவியும் மகளும் உறங்கினர். சிறியதை லாசரஸ் தம் மனைவியின் எழுத்துக்கென ஒதுக்கியிருந்தார். அதில் ஒரு மேசை, ஒரு தட்டச்சுப் பொறி, சுவரலமாரி நிறையத் தாள்கள். “என் பொண்டாட்டி ரைட்டர் லா. அவளுக்கு ஓர் ஆபீஸ் வேணும்ல” என்று வருவோரிடமெல்லாம் அவர் பெருமையாகச் சொல்வார். அந்தோனியம்மாள் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார். விடிந்ததும் அதைச் சுருட்டித் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் நிறுத்திவைப்பார். இதை யாரும் அநியாயம் என்று நினைத்ததில்லை, நினைத்தவர் சொன்னதில்லை.

ஜோசபின் தம் வாரத்தைப் பள்ளி அட்டவணையைப்போலப் பிரித்துவைத்திருந்தார். திங்கள், செவ்வாய் மாலைகள் வானொலிக்கு உரியவை. புதனும் வியாழனும் அவர் நீண்டகாலமாக எழுதிக்கொண்டிருந்த நாவலுக்கு உரியவை. வெள்ளியன்று நாடகத்தைக் குடும்பத்தோடு கேட்பார். சனி சமையலுக்கும் ஸ்டெல்லாவின் பாடங்களுக்கும் போய்விடும். ஞாயிறன்று அனைவரும் பேருந்தேறி நகரத்தில் தமிழ்த் திருப்பலி கண்டு, தேக்கா சந்தையில் காய்கறி வாங்கித் திரும்புவர். இந்த அட்டவணையை அவர் மிகவும் மதித்தார். நாத்தனாருடன் பேசுவதற்கு அதில் தனியாக நேரம் இல்லை. சனிக்கிழமைச் சமையலோடு சேர்ந்து நடப்பதுதான் அது. பின்னர் என்னிடமும் என் மனைவியிடமும் இவற்றைச் சொல்லும்போது, ஜோசபின் முதலில் சொன்னது இந்தக் குறையைத்தான்.

அப்படி ஒரு சனிக்கிழமை இருவரும் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது அந்தோனியம்மாள், “அடுத்து எந்த மாப்பிள்ளை வந்தாலும் நான் சரின்னு சொல்லிடப் போறேன் அண்ணி” என்றார்.

“முகத்தக்கூடப் பாக்காமயா?”

“முகம் எதுக்கு? எனக்கு ஒரு கதவு வேணும். உள்ள போனா சாத்திக்கிற மாதிரி ஒரு கதவு. அது கெடைச்சா போதும்.”

ஜோசபின் சிரித்தார். இறாலைக் கழுவிவைத்துவிட்டு, எழுத்தறைக்குள் சென்று, வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பேச்சை மறந்துபோவதற்குள் தாளில் எழுதிக்கொண்டார். நாடகத்தில் அண்ணன் வீட்டில் வாழும் ராஜம் என்றொரு பாத்திரம் இருந்தது. அடுத்த வாரமே ராஜம் அந்த வசனத்தைப் பெற்றாள். பிரதி வானொலி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் வரன் வந்தது. மரியஅந்தோணி என்னும் அவர் பேருந்துப் பணிமனையில் பழுதுபார்ப்பவர். தெம்பனிஸில் புதிய வீட்டுக்குச் சாவி வாங்கியிருந்தார். பெண் பார்க்க வந்த அன்றே அந்தோனியம்மாள் சம்மதம் சொன்னார். லாசரஸுக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில் திருமண ஓலை வாசிக்க ஏற்பாடாயிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மணமக்களின் பெயர்களைப் பீடத்திலிருந்து வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர் தெரிவிக்க வேண்டும் என்று குருவானவர் கேட்பது கத்தோலிக்கர்களான எங்கள் வழக்கம். மூன்றாம் ஓலையும் தடையின்றி முடிந்தால்தான் திருமணம்.

இரண்டாம் ஓலை வாசித்த வாரத்தில், செவ்வாய்க்கிழமை மாலை, ராஜத்தின் காட்சி ஒலிப்பதிவாயிற்று. ஜோசபின் அலுவலகத்திலிருந்து நேரே நிலையத்துக்குப் போயிருந்தார். ராஜமாக நடித்தவர் அந்த வசனத்தைச் சொல்லும்போது குரல் உடைந்து அழுதுவிட்டார். தயாரிப்பாளர் அப்துல் கையூம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“எங்கேருந்து புடிச்சீங்க இந்த டயலாக்க?” என்று கேட்டார்.

“யோசிச்சேன் பாய்” என்றார் ஜோசபின்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில்தான் அவருக்கு அந்தோனியம்மாளின் பேச்சு உண்மையாகவே காதில் விழுந்தது. கதவு வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். வீட்டில் கூடுதலாக இருந்த ஒரே கதவு எழுத்தறையின் கதவு. கேட்டவளின் எதிரிலேயே எழுந்துபோய், அந்தக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அவள் கேட்டதை எழுதினார். அது கிடைக்காததால் அவள் முகம்கூடப் பாராமல் ஒருவருக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறாள் என்றும், ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலைக்குப் பின் அதை மாற்ற முடியாமல் போகும் என்றும் தோன்றியதும், ஜோசபின் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கடந்துவிட்டார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் அழைப்புகள் ஓய்ந்த நேரத்தில் கையூமைத் தொலைபேசியில் அழைத்தார்.

“பாய், ராஜம் பேசுறத வெட்ட முடியுமா?”

“வெட்டலாம். கொஞ்சம் இசை போட்டு நெரப்பிடலாம். யாரும் ஏதும் சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன்? இந்தத் தொடர்லயே அதான் உயிரு. சொல்லுங்க, வெட்டிடவா?”

வெட்டிவிடுங்கள் என்று சொல்லத்தான் ஜோசபின் அழைத்தார். ஆனால், அவர் எழுதியவற்றுள் அதைவிடச் சிறந்த வசனம் வேறில்லை. அதை அவரும் அறிந்திருந்தார்.

“இருக்கட்டும் பாய்” என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். அன்று முழுதும் பலருடைய அழைப்புகளைத் தவறான அறைகளுக்கு மாற்றிவிட்டார்.

வியாழன் பிற்பகல் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மேசையையும் தட்டச்சுப் பொறியையும் லாசரஸின் உதவியோடு கூடத்துக்கு நகர்த்தினார். சுவரலமாரித் தாள்களை எடுக்க நேரம் போதவில்லை. லாசரஸ் காரணம் கேட்டார், ஜோசபின் சொல்லவில்லை. தொழிற்சாலைச் சீருடையோடு உள்ளே வந்த அந்தோனியம்மாள் மேசையைச் சுற்றி நடந்துபார்த்தார்.

“என்ன அண்ணி, வீடு மாறுறோமா?”

“இனிமே அந்த ரூம் ஒனக்கு.”

“எனக்கா? கல்யாணத்துக்கு இன்னும் எத்தன நாளு இருக்கு? இப்ப எதுக்கு?”

“இந்தக் கல்யாணம் ஒனக்கு வேணுமான்னு யோசி. வேணாம்னா சொல்லு, நான் ஃபாதர்கிட்டப் போறேன். மூணாவது ஓலைய நிறுத்தச் சொல்றேன்.”

“ஜோஸ், ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” என்றார் லாசரஸ். “மண்டபத்துக்குச் சொல்லியாச்சு. எத்தன பேருக்குப் பத்திரிக வச்சாச்சு.”

ஜோசபின் அவரைப் பார்க்காமல் நாத்தனாரிடமே பேசினார். “எறா உரிக்கிறப்ப ஒரு கதவு வேணும்னு சொன்னில்ல? அத அப்படியே நாடகத்துல எழுதிட்டேன். நாளைக்கு வருது.”

அந்தோனியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினார்.

“என் பேரு போட்டிருக்கீங்களா?”

“இல்ல. ராஜம்னு வருது.”

“நல்லாப் பேசுறாளா ராஜம்?”

“நல்லாத்தான் பேசுறா.”

“நான் அத கதைக்குச் சொல்லல அண்ணி. உங்ககிட்டச் சொன்னேன்.”

அந்தோனியம்மாளே தொடர்ந்தார். “நீங்க பயப்படுற மாதிரி இல்ல. அவரு பாக்க வந்தப்ப நீங்க காப்பி ஆத்திக்கிட்டு இருந்தீங்க. நான் அவருகிட்டக் கேட்டுட்டேன், ஒரு ரூம் எனக்குன்னு வேணும், வேற யாரும் வரக்கூடாதுன்னு. அவரு சிரிக்கல. தையல் மெஷின் போடுறீங்களான்னு கேட்டாரு. அதுக்கப்புறந்தான் சரின்னேன். மொகத்தையும் பாத்துக்கிட்டேன். பரவால்ல.”

லாசரஸுக்கு முகம் வாடிவிட்டது. “மொத மொதல்ல பாத்த ஆள்கிட்டக் கேட்டிருக்க. எங்ககிட்டக் கேட்டா தரமாட்டோமா, தங்கச்சி?”

“அண்ணன் வீட்டுல வாய் வரல. அவ்வளவுதான். விடுண்ணே.”

திருமணத்தைப் பற்றிய அச்சம் அந்த நிமிடத்தில் தீர்ந்தது. ஆனால், நெஞ்சின் பாரம் அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை என்று ஜோசபின் எங்களிடம் சொன்னார். முன்பின் அறியாத ஒருவரிடம் சில நிமிடங்களில் கேட்க முடிந்ததைத் தம்மிடம் எட்டு ஆண்டுகளாக ஒருத்தி கேட்க முடியாமல் இருந்திருக்கிறாள். கேட்ட ஒருமுறையும் தாம் குறிப்பெடுத்துக்கொண்டோம். இதை எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் எந்தப் பாவமாகச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தோனியம்மாள் அன்றே பாயைச் சிறிய அறைக்குள் கொண்டுபோனார். வேண்டாம் என்று மறுக்கவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை.

வெள்ளி மாலை நாடகம் ஒலித்தது. அந்தோனியம்மாள் வானொலிப் பெட்டிக்கு அருகில் தரையில் அமர்ந்து, ஸ்டெல்லாவுக்குச் சடை பின்னிக்கொண்டே கேட்டார். ராஜம் பேசினாள், அழுதாள். முடிந்ததும் அவர், “நான் அழவே இல்லையே அண்ணி. இவ எதுக்கு அழுவுறா?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வீட்டு ருக்கையா வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். “ஜோசபின், இன்னைக்கி ரொம்ப டச்சிங் லா. எங்க மாமியார் கண்ணத் தொடச்சிக்கிட்டே இருக்காங்க. எப்படித்தான் யோசிக்கிறீங்களோ.”

ஜோசபின் வாய் திறப்பதற்குள், “அண்ணிக்குக் காது நல்லாக் கேக்கும் அக்கா” என்றார் அந்தோனியம்மாள். ருக்கையா அதைப் பாராட்டு என்றெண்ணிச் சிரித்துவிட்டுப் போனார்.

ஞாயிறன்று மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. தடை தெரிந்தவர் தெரிவிக்க வேண்டும் என்று குருவானவர் சொன்னபோது ஜோசபின் தலைகுனிந்து முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தோனியம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “எந்திரிச்சிடாதீங்க, அண்ணி” என்று காதருகே சொன்னார். அது கேலிதான். இருந்தும் திருப்பலி முடியும்வரை ஜோசபினால் நிமிர முடியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, மறுநாள் கொடுக்க வேண்டிய பிரதி மேசையை நகர்த்துவதற்கு முன்பே முக்கால் பங்கு முடிந்த நிலையில் சிறிய அறையின் சுவரலமாரியில் கிடந்தது. அலுவலகத்திலிருந்து வந்த ஜோசபின் அதை எடுக்கப் போனார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அந்தோனியம்மாள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் பாடுவார் என்பதே அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது. ஜோசபின் தட்டுவதற்குக் கையை உயர்த்தினார். தட்டினால் நாத்தனார் உடனே எழுந்துவந்து திறந்துவிடுவார். தாள்களைத் தாமே எடுத்தும் கொடுப்பார். அது ஜோசபினுக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே கையை இறக்கிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பி, ஸ்டெல்லாவின் கணக்குப் பாடத்தைப் பார்க்க உட்கார்ந்தார்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து கையூமை அழைத்து, பிரதி தயாராகவில்லை என்றார். தொடர் தொடங்கிய நாளிலிருந்து அவர் தவணை தவறியது அதுவே முதன்முறை.

“ஒடம்பு சரியில்லையா?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்ல பாய். தாளெல்லாம் எங்க நாத்தனா ரூம்ல இருக்கு.”

“போயி எடுத்துட்டு வாங்களேன்.”

“கதவு சாத்தியிருக்கு” என்றார் ஜோசபின்.