பிள்ளையார் கோயிலில் சொன்ன ஆமென்

எங்கள் வீட்டில் ஜெபம் செய்வது அப்பாவின் வேலை, ஆமென் சொல்வது என் வேலை. கடைக்குட்டி என்பதால் எனக்குக் கிடைத்த பதவி அது. அப்பா போதகர் இல்லை, தச்சுவேலை செய்கிறவர்தான். ஆனாலும் அவர் ஜெபிக்கத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். "ஆமென் சொல்லாட்டி ஜெபம் வாசலோட நிண்டுரும்" என்று அவர் சொல்லியிருந்ததால், தூக்கக் கலக்கத்திலும் உரத்துச் சொல்வேன். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிறது என்று அம்மா குறைப்படுவார்.

எனக்கு ஏழு வயதானபோது, யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது. வீடு போயிற்று. பெரியப்பாவும் போனார். அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று மிஞ்சிய நால்வரும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிக் கடலுக்குத் தள்ளியிருந்த கிரான் என்ற ஊருக்கு வந்து, ஒரு பிள்ளையார் கோயில் மண்டபத்தில் தங்கினோம். எங்களைப் போல இன்னும் பல குடும்பங்கள் அங்கே இருந்தன. ஊர்க்காரர்கள் சமைத்துக் கொடுத்தார்கள். சோற்றுக்கு முன்னால் அப்பா பேசாமல் குனிந்திருந்துவிட்டுச் சாப்பிட்டார். எனக்கு வேலையில்லாமல் போயிற்று. பிள்ளையார் வீட்டில் இருந்துகொண்டு யேசுவைக் கூப்பிடக் கூடாதாக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலைப் பூசை முடிந்ததும், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் கைகூப்பிச் சத்தமாக வேண்டினார்.

"அப்பனே, போனதுகள நீ பார்த்துக்கொள்ளு. மிஞ்சின சனத்தக் கைவிட்டுராத."

அவர் நிறுத்திய இடத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆமென்!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அண்ணன் தொடையில் கிள்ளினான். என் வாயால் எங்கள் நால்வரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், மழை வேறு பெய்கிறது, இனி எங்கே போவோம் என்று அழுகை முட்டியது.

அப்பா பதறி எழுந்தார். "பிள்ளை தெரியாமச் சொல்லிப்போட்டாள் ஐயா. குறை நினைக்காதீங்க."

"அதுக்கு என்ன கருத்து?" என்று வண்ணக்கர் கேட்டார்.

"அப்பிடியே ஆகட்டும் எண்டு."

"அதத்தானே நானும் கேட்டன்? பிறகென்ன குறை?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இன்னொருக்காச் சொல்லுகா மகள்."

சொன்னேன். பயத்தில் பாதிச் சத்தம்தான் வந்தது. யாரோ சிரித்தார்கள். கடல் வந்த பிறகு முதல்முறையாக அப்பாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்று மத்தியானம் சோற்றுக்கு முன் அப்பா வாய்விட்டு ஜெபித்தார். இரண்டே வரிதான். வண்ணக்கர் கேட்டதையே அவரும் கேட்டார். நான் என் வேலையைச் செய்தேன். இம்முறை அம்மா சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வண்ணக்கர் அனுமதி கொடுத்துவிட்டார், அதனால் அப்பா மறுபடி ஜெபிக்கிறார் என்று நினைத்து நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்த ஐந்து நாளும் அப்பா பேசாமல் கோபித்துக்கொண்டிருந்தது யாரோடு என்பது எனக்கு அப்போது தெரியாது.