புளி போட்டு விளக்கிய காசு

சிவகாசியில் கல்யாண மண்டபம் ஒன்றில் நாணயக் கண்காட்சி தொடங்கவிருந்த காலை. முன்வரிசைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த தட்டைப் பார்த்ததும், அது வேறு யாருடையதோ என்றுதான் கற்பகவல்லிக்குத் தோன்றியது. முந்தின நாள் மாலை அவர் அடுக்கிவிட்டுப் போனவை பச்சையும் கறுப்புமாக இருந்த பழைய செப்புக்காசுகள். இப்போது அங்கே கிடந்தவை கடையில் அப்போதுதான் வாங்கிய குத்துவிளக்கைப் போல மின்னின. அட்டையில் இருந்த பெயர் மட்டும் அவருடையது.

"எப்படிக்கா இருக்கு?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சங்கச் செயலாளர் சண்முகவேல். "நேத்து அம்புட்டும் களிம்பு. இப்பப் பாருங்க, நகைக்கடை கணக்கா!"

"யாரு தொட்டது?"

"நாந்தான் விளக்கச் சொன்னேன். சீஃப் கெஸ்ட் வர்றாகல்லா, முன்வரிசைல அழுக்கா வச்சா நம்ம சங்கத்துக்குல்லா அசிங்கம்?"

சண்முகவேல் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கிஃப்ட் பாக்ஸ் அட்டை அடித்துக் கொடுப்பவர். அவர் சேர்ப்பது ரூபாய் நோட்டு. பிறந்த தேதி நம்பர், ஒரே எண் வரிசை, மடிப்பு விழாத புதுக்கட்டு. மொடமொடப்பாக இருந்தால்தான் அவருக்குச் சரக்கு. மண்டப வாடகையை அவர் கட்டுவதால் செயலாளர் பதவியும் அவருக்கே. செப்புக்காசு ஒன்றையாவது அவர் கையில் எடுத்துப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

கற்பகவல்லி விருதுநகரில் பருப்பு மில் நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர். வயது ஐம்பத்தொன்று. மில்லில் துவரைக்குக் கல் பொறுக்கும்போது, கல்லோடு கல்லாக ஒரு நாள் வந்து விழுந்த செப்புக்காசுதான் அவரை இந்த வழிக்கு இழுத்தது. அதன்பின் மதுரை, கோவில்பட்டி, திருநெல்வேலி என்று எங்கே கண்காட்சி நடந்தாலும் அவர் பஸ் ஏறிவிடுவார். போகிற இடமெல்லாம் முதல் கேள்வி அவர் கணவரைப் பற்றித்தான்: "அண்ணாச்சி வரலையா?" வியாபாரிகள் காசின் விலையை அவருக்குப் பின்னால் நிற்கும் ஆம்பிளையிடம் சொல்வார்கள். அந்த ஆள் யாரோ வழிப்போக்கனாக இருப்பான். இதற்கெல்லாம் கோபப்பட்டுப் பழகிய மனுஷிதான். ஆனால் இன்றைக்கு வந்தது வேறு கோபம்.

தட்டின் நடுவில் இருந்த காசை அவர் காரியாபட்டியில் ஒரு பழைய இரும்புக் கடையில், உடைந்த செப்புக் குடங்களுக்கு அடியிலிருந்து எடுத்தார். ஒரு பக்கம் காளை, மறுபக்கம் இரண்டு எழுத்து. இந்த வகைக் காசு ஊரெங்கும் கிடைக்கும். ஆனால் இவருடைய காசில் கீழே மூன்றாவதாக ஓர் எழுத்து இருந்தது. இருந்தது என்பது இவர் கட்சி. கீறல் என்பது மற்றவர்கள் கட்சி. நான்கு வருஷமாக எல்லாக் கண்காட்சியிலும் இதே சண்டை. "மதினிக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று கேலி பேசிய வியாபாரியும் உண்டு.

கடைசியில் மதுரை ராஜபாண்டியன் வந்து பார்க்க ஒப்புக்கொண்டார். தென்னாட்டுக் காசுகளைத் தொகுத்துப் புத்தகம் எழுதிக்கொண்டிருப்பவர். போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "படத்துல நிழல்கூட எழுத்தாத் தெரியும்மா. காசைக் காட்டுங்க. எழுத்துன்னா உங்க பேரோட புத்தகத்துல போடுதேன்" என்றிருந்தார். அவர் வரும் நாள் இன்று.

நம் வீடுகளில் களிம்பு என்றால் விஷம். களிம்பேறிய பாத்திரத்தில் யாரும் புளிக்குழம்பு வைக்கமாட்டார்கள். பழைய காசுக்கோ களிம்புதான் தோல். மண்ணுக்குள் கிடந்த காலமெல்லாம் செம்பைக் காப்பாற்றுவது அது. தேய்ந்த காசில் எழுத்து நிற்பதே பல நேரம் அந்தப் படலத்தில்தான். இது தெரியாத ஒருவரிடம் நாணயச் சங்கத்தின் சாவி இருந்தது.

மண்டபச் சமையற்கட்டில் பாத்திரம் விளக்கும் ராமுத்தாயைத் தேடிப் போனார் கற்பகவல்லி. அந்த அம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"யக்கா, துணியால தொடைச்சாப் போதுமான்னு கேட்டேன். பளபளன்னு இருக்கணும்னாக. புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சேன். எதுவும் கெட்டுப்போச்சா?"

"நீ உன் வேலையைச் செஞ்சிருக்க தாயி. உன்மேல குத்தமில்ல."

ராஜபாண்டியன் சொன்னபடி வந்தார். காசைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், லென்ஸை வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் தலையை நிமிர்த்தினார்.

"பள்ளம் மாதிரி ஏதோ தெரியுது. எழுத்தா, அரிப்பான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா."

"நேத்துச் சாயங்காலம் வரை இருந்துச்சுய்யா."

"நான் நம்புதேன். ஆனா என் நம்பிக்கையைப் புத்தகத்துல போட முடியாதே."

அது கீறலாகவே இருந்திருக்கலாம். லென்ஸில் பார்த்து அவர் கீறல் என்று சொல்லியிருந்தால், கற்பகவல்லி நான்கு வருஷப் பிடிவாதத்தை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஆமத்தூர் வழியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார். இப்போது ஜெயிக்கவும் வழியில்லை, தோற்கவும் வழியில்லை.

"விடுங்கக்கா, பெரிசு பண்ணாதீக," என்றார் சண்முகவேல். "இதே மாதிரி நாலு காசு வாங்கித் தர்றேன். அண்ணாச்சிட்ட நான் பேசிக்கிடுதேன்." சொன்னதோடு நில்லாமல் விருதுநகருக்குப் போனும் போட்டுவிட்டார். "அண்ணாச்சி, இங்கன ஒரு சின்னப் பிரச்சினை…"

கற்பகவல்லி போனைப் பிடுங்கினார். "ஏங்க, நாந்தான். நீங்க லோடைப் பாருங்க, இதை நான் பாத்துக்கிடுதேன்." போனை அணைத்துச் சண்முகவேல் கையில் திணித்தார். "காசு என்னுது. கெடுத்தது நீரு. இடையில எங்க வீட்டுக்காரர் எங்க வந்தாரு?"

'நீங்க' 'நீரு' ஆனதைக் கூட்டம் கவனித்தது. யாரோ சிரித்தார்கள்.

"சுத்தம் பண்ணது ஒரு குத்தமாக்கா?"

"உம்ம நோட்டுக்கட்டைத் தாரும், சோப்புப் போட்டு அலசிக் காயப்போடுதேன். அதுவும் சுத்தந்தானே?"

வாசலில் நாகஸ்வரம் கேட்டது. பட்டாசுக் கம்பெனி முதலாளியான சீஃப் கெஸ்ட் மாலையோடு உள்ளே வந்துகொண்டிருந்தார். சண்முகவேல் அந்தப் பக்கம் ஓடினார். கற்பகவல்லி தன் பெயரட்டையைத் திருப்பி, மார்க்கரை எடுத்து, கூட்டத்துக்குத் தெரிகிற பெரிய எழுத்தில் எழுதினார்:

'சங்கச் செயலாளர் சண்முகவேல் சொல்லி, உரிமையாளரைக் கேட்காமல், புளி போட்டு விளக்கிய காசுகள். மூன்றாவது எழுத்து இருந்ததா என்று இனி யாரும் சொல்ல முடியாது.'

சீஃப் கெஸ்ட் முதலில் நின்றதே அந்தப் பெட்டி முன்னால்தான். வாய்விட்டுப் படித்தார். "இது என்ன சண்முகவேலு?" என்றார். சண்முகவேல் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. பின்னால் வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிலர் போனில் படம் எடுத்தார்கள்.

அன்று முழுவதும் கற்பகவல்லி பெட்டியருகே நின்றார். கேட்டவர்களுக்கெல்லாம் களிம்பு என்றால் என்ன என்று சொன்னார். தாயில்பட்டியிலிருந்து வந்த ஒருவர், கொண்டுவந்த காசுப் பொட்டலத்தை அவசரமாகப் பிரித்துக் காட்டி, "இதை நான் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்க இருந்தேன் தாயி" என்றார்.

"தேய்ச்சிராதீக. அப்படியே வச்சிருங்க."

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் சண்முகவேல் வந்தார். காலையில் இருந்த சத்தம் குரலில் இல்லை.

"யக்கா, அட்டை இருந்துட்டுப் போகட்டும். என் பேரை மட்டும் அழிச்சிருங்க. நாளைக்கும் ஆளு வரும், தொழில் பண்ற ஊரு."

"காசுல இருந்ததை அழிச்சீரு. அட்டைல இருக்கிறதையும் அழிக்கணுமோ?"

அவர் கை அட்டைப் பக்கம் நகர்ந்தது.

"தொடாதேயும்!"

கை நின்றது. கற்பகவல்லி பெட்டியைப் பூட்டி, அதில் தொங்கிய சங்கத்துச் சாவியை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.