ஆற்றுக்குக் கதவு எண் இல்லை

வாய்மை சில வேளைகளில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கிறது. ஆம்பூரில் அப்படி நின்றவள் எப்சிபா. தோல் தொழிற்சாலைகளின் கழிவைச் சுமக்கும் ஒரு லாரி நிறுவனத்தில் அவளுக்கு வேலை. டேங்கர் நிற்குமிடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கணினிக்கு வரும். ஓர் இணையச் சேவை அவற்றை முகவரியாக்கித் தரும். கழிவு இறக்கிய இடத்துக்குச் சான்றாக அதை அவள் தொழிற்சாலைகளுக்கு அனுப்புவாள். முகவரி நாள்தோறும் சுத்திகரிப்பு நிலையச் சாலை என்றே வந்தது.

ஒருநாள் அந்தப் புள்ளியை வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தாள். அது சாலையில் இல்லை. பாலாற்று மணலில் கிடந்தது. மாலையில் நேரில் போனாள். மயிரும் கொழுப்பும் கலந்து நீலம் பாரித்த சேறு, புழு நெளிய, மணலில் ஊறிக்கொண்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டாள். அருகிலேயே அவள் தெருவுக்குக் குடிநீர் தரும் கிணறு.

மறுநாள் அவள் சொன்னதைக் கேட்டு மேலாளர் ஜீவா சிரித்தார். "கம்ப்யூட்டரே சரியான அட்ரஸ்னு சொல்லுது. உனக்கு இன்னாம்மா பேஜாரு?"

"ஆத்துக்குக் கதவு நம்பர் இல்ல சார். அதான் பக்கத்து ரோட்டுப் பேரச் சொல்லுது. டிரைவருங்களுக்கு அது தெரியும், உங்களுக்கும் தெரியும். தூ! அந்தத் தண்ணியத்தான் என் புள்ள குடிக்குது."

"வேல வேணுமா, வேணாமா?"

அவள் சேவை தந்த முகவரியை அழித்து, 'பாலாற்று மணல், குடிநீர்க் கிணற்றருகே' என்று தட்டி, எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக் குடம் தெளிந்த நீரால் நிறைக. அதைப் பருகும் பிள்ளை நோயின்றி வளர்க. அவ்வில்லம் நீடு வாழ்க.